18ஆம் மாடியில் ஒரு காட்சிக்கூடம்: ஹாங்காங் சிட்டி யூனிவர்சிட்டி கேலரிக்குப் போகுமுன் கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங்குக்கு வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் டிஸ்னிலேண்ட், பெரிய புத்தர், விக்டோரியா சிகரம் என்று கையில் ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். அரை நாள் ஒதுக்கி இன்னோர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். உடனே கேள்விகள் ஆரம்பிக்கும். வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்து, கொஞ்சம் விரித்தும் எழுதியிருக்கிறேன்.

அது என்ன இடம்?

இந்திரா – ஹாரி பங்கா கேலரி. ஹாங்காங் சிட்டி யூனிவர்சிட்டிக்குச் சொந்தமான காட்சிக்கூடம். கௌலூன் டோங் பகுதியில் இருக்கும் வளாகத்தில், லாவ் மிங் வாய் கட்டடத்தின் 18ஆம் மாடியில் இருக்கிறது. கப்பல் துறையில் பெயர் பெற்ற இந்திய வம்சாவளித் தொழிலதிபர் ஹாரி பங்காவின் கொடையால் இந்தப் பெயர் வந்தது.

கலை, வரலாறு, அறிவியல், டிஜிட்டல் தொழில்நுட்பம் நான்கையும் ஒரே கூரைக்கடியில் கொண்டுவருவதுதான் இதன் தனித்தன்மை. ஒரு பக்கம் பழைய ஓலை, சிலை, ஓவியம் இருக்கும். பக்கத்திலேயே நம்மைச் சுற்றி நிற்கும் திரையில் அதே காலம் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1984இல் பாலிடெக்னிக்காகத் தொடங்கி 1994இல் பல்கலைக்கழகமான இடம் இது. இங்குள்ள படைப்பூடகப் பள்ளிக்கு 2009இல் ஜெஃப்ரி ஷா டீனாக வந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், டிஜிட்டல் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1980களின் கடைசியிலேயே ஒரு சைக்கிளைத் திரைக்கு முன் நிறுத்தி, மிதிக்க மிதிக்க எழுத்துகளாலான நகரத்துக்குள் போகவைத்தவர். அவரும் சாரா கெண்டர்டைன் என்ற ஆய்வாளரும் இங்கே சேர்ந்து செய்த வேலைகளைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப்போகிறேன்.

வெளியாட்களை உள்ளே விடுவார்களா? டிக்கெட் எவ்வளவு?

விடுவார்கள். கட்டணம் இல்லை. வளாகத்துக்குள் நுழையப் பெயர்ப் பதிவு கேட்கும் காலங்கள் உண்டு. அதனால் புறப்படும் முன் கேலரியின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டையோ ஹாங்காங் அடையாள அட்டையையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

மெட்ரோதான் சுலபம். கௌலூன் டோங் ஸ்டேஷனில் இறங்கி, ஃபெஸ்டிவல் வாக் என்ற பெரிய மால் வழியாக நடந்து, சுரங்க நடைபாதையில் போனால் வளாகம். வெயிலோ மழையோ பெரிதாகப் படாது. சிம் ஷா சுய் பக்கம் தங்கியிருப்பவர்கள் மோங் காக்கில் குவுன் டோங் தடத்துக்கு மாற வேண்டும். அட்மிரல்டியிலிருந்து வருவதானால் ஈஸ்ட் ரயில் தடம், மாறவே வேண்டாம்.

வளாகம் மலைச்சரிவில் இருப்பதால் ஒரு கட்டடத்தின் தரைத்தளம் இன்னொன்றின் நாலாவது மாடியாக இருக்கும். குழப்பமாக இருந்தால் எதிரே வரும் மாணவரிடம் கேட்டுவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். முதல் தடவை நானும் அப்படித்தான் கேட்டுப் போனேன்.

எப்போது போனாலும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்குமா?

இல்லை. இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். இது நிரந்தரச் சேகரிப்பு வைத்திருக்கும் அருங்காட்சியகம் அல்ல. ஒரு கண்காட்சி சில மாதங்கள் நடக்கும். முடிந்ததும் சுவர் முதல் புரொஜெக்டர் வரை எல்லாவற்றையும் கழற்றி, அடுத்ததுக்குப் புதிதாகக் கட்டுவார்கள். அந்த இடைவெளியில் கதவு மூடித்தான் இருக்கும். வேறோர் ஊரில் ஒரு கல்லூரிக் கேலரிக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், கண்காட்சி முந்தின வாரமே முடிந்துவிட்டது என்று காவலாளி சொல்லக் கேட்டுத் திரும்பியிருக்கிறேன். அங்கே இணையப் பக்கத்தில் பழைய தேதியே கிடந்தது. அதற்கப்புறம் எங்கே போனாலும் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. புயலுக்கு 8ஆம் எண் எச்சரிக்கை ஏற்றினாலோ கறுப்பு மழை எச்சரிக்கை வந்தாலோ ஊரே மூடிவிடும். கேலரியும் அப்படித்தான்.

சுற்றி நிற்கும் திரை என்கிறீர்கள். வீட்டில் பெரிய டிவியில் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டிவியில் காட்சி உங்களுக்கு எதிரே இருக்கும். இங்கே நீங்கள் காட்சிக்கு நடுவில் இருப்பீர்கள்.

ஜெஃப்ரி ஷா குழு பயன்படுத்திய அமைப்பு ஒன்றைச் சொல்கிறேன். சிட்னியில் உருவாக்கி இங்கே கொண்டுவந்தது. 10 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்ட அறை. நெல் கொட்டி வைக்கும் பெரிய குதிர் ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உட்சுவர் முழுக்கத் திரை, இரண்டு ஆள் உயரம். மேலே வட்டமாக 12 புரொஜெக்டர்கள், இரண்டிரண்டு ஜோடியாக. ஒன்று இடக்கண்ணுக்கு, ஒன்று வலக்கண்ணுக்கு. நீங்கள் போட்டிருக்கும் லேசான கண்ணாடி இரண்டையும் பிரித்துக் கண்களுக்கு அனுப்புகிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் இருபது முப்பது பேர் நிற்கலாம்.

தலையில் மாட்டும் விஆர் கருவி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான். அதை மாட்டிக்கொண்டால் நீங்கள் தனியாள். வட்ட அறையில் பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகம் தெரியும். "அங்கே பாரு" என்று கையைக் காட்டலாம், அவர்களும் பார்ப்பார்கள். கோவிலில் சேர்ந்து நிற்கிற மாதிரி.

ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

துன்ஹுவாங் குகை 220. இதைப் பற்றி என்னால் நிறுத்தாமல் பேச முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடமேற்குச் சீனாவில், கோபிப் பாலைவனத்தின் ஓரத்தில், துன்ஹுவாங் என்ற பட்டுப்பாதை ஊர். அதற்கு அருகே மொகாவோ குன்றின் முகம் முழுக்கக் குடைந்த பௌத்தக் குகைகள். ஓவியமும் சிற்பமும் மிஞ்சியிருப்பவை 492. சுவரோவியம் மட்டும் 45,000 சதுர மீட்டர். ஆயிரம் ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அதில் 220ஆம் எண் குகை, ஜாய் என்ற உள்ளூர்க் குடும்பம் வெட்டுவித்தது. உள்ளே 642 என்ற ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. நமக்கு 642 என்றால் நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைப் பிடித்த ஆண்டு. இங்கே படை போய்க்கொண்டிருந்தபோது அங்கே யாரோ விளக்கு வெளிச்சத்தில் புத்தரின் சொர்க்கத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் யுவான் சுவாங் காஞ்சிபுரம் வந்து போயிருந்தார். 645இல் அவர் தலைநகருக்குத் திரும்பிய பாதை துன்ஹுவாங் வழியேதான். அப்போது அந்தச் சுவரில் வண்ணம் தீட்டி மூன்று வருடம்கூட ஆகியிருக்காது.

பிற்காலத்தில் அந்த ஓவியங்களின் மேல் மண் பூசி வேறு படம் வரைந்துவிட்டார்கள். 1940களில் மேற்பூச்சை எடுத்தபோது அடியிலிருந்து டாங் அரச வம்சக் காலத்து வண்ணம் வெளிவந்தது. பல நூற்றாண்டுகள் மூடிக் கிடந்ததால்தான் இத்தனை பளிச்சென்று மிஞ்சியிருக்கிறது.

ஷாவும் கெண்டர்டைனும், குகைகளைப் பராமரிக்கும் துன்ஹுவாங் ஆய்வகத்தோடு சேர்ந்து, அவர்கள் லேசர் கொண்டு அளந்த அளவுகளையும் அருகில் நின்று எடுத்த புகைப்படங்களையும் வைத்து, இந்தக் குகையை அசல் அளவில் வட்ட அறைக்குள் எழுப்பினார்கள். 2012இல் ஹாங்காங்கில் முதலில் காட்டினார்கள். அதே ஆண்டுக் கடைசியில் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கும் போனது. ஹாங்காங்கில் அதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

முதலில் கும்மிருட்டு. டார்ச் விளக்கு அடிப்பதுபோல ஒரு வட்ட வெளிச்சம் சுவரில் நகர்கிறது. உண்மையான குகையிலும் வழிகாட்டி டார்ச்சில்தான் காட்டுவார். அப்புறம் முழுச் சுவரும் மெல்ல வெளுக்கிறது. வடசுவரில் ஏழு மருத்துவ புத்தர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் காலடியில், நடுவில் அடுக்கடுக்கான விளக்கு மரம். இரு பக்கமும் சிறு வட்டக் கம்பளங்களில் ஜோடி ஜோடியாக நடனப் பெண்கள். ஒரு பெண்ணின் துப்பட்டா காற்றில் வளைந்து நிற்கிறது, அவள் சுழன்று முடிக்கவில்லை என்று அந்த வளைவே சொல்கிறது. இரு ஓரத்திலும் பாட்டுக்காரர்கள், கையில் குழல், யாழ், மத்தளம். ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தால் அது சுவரிலிருந்து கழன்று உங்கள் முன் காற்றில் சுழல்கிறது, அதன் ஓசையும் கேட்கிறது. மங்கிப்போன வண்ணங்கள் தீட்டிய நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு நொடி நிறைகின்றன. பெய்ஜிங் நடனக் கல்லூரிக் கலைஞர்கள் ஆடிய ஆட்டத்தைப் படமெடுத்து, ஓவியத்துப் பெண்களின் இடத்தில் ஆடவிட்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் நின்ற வயதான சீனப் பெண்மணி அந்த இடத்தில் கைகூப்பினார். அது ஒளிதான், சுவர் அங்கே இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கூப்பினார். எனக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

அசல் குகையே இருக்கும்போது நகல் எதற்கு?

அடிக்கடி வரும் கேள்வி. ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "கருவறையை வீடியோவில் பார்த்தால் தரிசனம் ஆகுமா?"

நம் மூச்சுதான் அந்தக் குகைகளுக்கு எமன். ஒவ்வொருவர் விடும் மூச்சிலும் ஈரம், கரியமில வாயு, உடம்புச் சூடு. மண் பூச்சுக்கடியில் இருக்கும் உப்பு அந்த ஈரத்தில் கரைந்து, மறுபடி காய்ந்து, படிகமாகி, வண்ணத்தை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது. பார்க்க வந்தவர் ஆசையாகப் பார்த்ததாலேயே ஓவியம் அழிகிறது. அதனால் மொகாவோவில் ஒரு நாளைக்கு இவ்வளவு பேர்தான் என்று கணக்கு. சாதாரணச் சீட்டில் போனால் எட்டு குகைகள், அதுவும் வழிகாட்டியோடு, ஒவ்வொன்றிலும் சில நிமிடம். 220 சிறப்புக் குகை, தனிக் கட்டணம். உள்ளே போனாலும் தடுப்புக்குப் பின்னால், டார்ச் வெளிச்சத்தில், பத்து பேரோடு பத்து பேராக. மேலே தெற்குச் சுவரின் உச்சியில் பறக்கும் வாத்தியங்களை அங்கே நின்று யாராலும் பார்க்க முடியாது. வட்ட அறையில் அவற்றை முகத்துக்கு நேரே இறக்கிக்கொள்ளலாம், எத்தனை பேர் பெருமூச்சு விட்டாலும் எதுவும் உதிராது.

அதனால் என் பதில் இதுதான். தரிசனத்துக்கு மூலவர் இருக்கிறார். ஆனால் மூலவர் எல்லா நாளும் வெளியே வருவதில்லை என்பதால்தானே நமக்கு உற்சவர்? உற்சவர் தெருவுக்கு வருகிறார், நடக்க முடியாத கிழவி வாசலில் உட்கார்ந்து பார்க்கிறாள். அந்தப் பார்வையை யாரும் நகல் என்று சொல்வதில்லை. இந்தக் காட்சிக்கூடங்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குகையின் குளிர், மண் வாசனை, வாசலில் நின்றால் கண்ணைக் கூசும் பாலைவன வெயில் இதெல்லாம் இங்கே வராது. வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம்ம ஊர்ப்பக்கம் ஏதாவது செய்திருக்கிறார்களா?

ஹம்பி. இதே இருவரும் துன்ஹுவாங்குக்கு முன்பே, 2006இல் செய்தது. விஜயநகரத்தின் இடிபாடுகளை 360 டிகிரியும் சுற்றி முப்பரிமாணத்தில் படம் எடுத்தார்கள். புகைப்படக்காரர் ஜான் கோலிங்ஸ், ஹம்பியைப் பல ஆண்டுகள் படமெடுத்தவர். வட்டத் திரைக்கு நடுவே சுழலும் ஒரு மேடை. அதில் நின்று நீங்களே திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். விருபாட்சர் கோவில், விட்டலர் கோவில் கல் தேர், துங்கபத்திரைக் கரைப் பாறைகள். சும்மா கிடக்கும் பாறைமேல் திடீரென்று அனுமனோ பிள்ளையாரோ எழுந்து வருவார்கள். அங்கேயே பதிவு செய்த காற்றும் மணியோசையும் பின்னால் கேட்கும். இசை எல். சுப்பிரமணியம்.

முதலில் பிரான்சில் லீல் நகரத்து ஓபரா அரங்கில் வைத்தார்கள். பிறகு ஹம்பிக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் தோரணகல்லில் உள்ள கலாதாம் என்ற இடத்துக்கு 2012இல் வந்தது. கல் தேரை நேரில் பார்த்துவிட்டு அதிக தூரம் போகாமலே அதன் டிஜிட்டல் வடிவத்தையும் பார்க்கலாம் என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு!

தமிழர்கள் இந்தக் கேலரியில் குறிப்பாக எதைக் கவனிக்க வேண்டும்?

கடலை.

2021இல் இங்கே கடல்வழி பௌத்தத்தின் வரைபடம் என்ற பொருளில் ஒரு கண்காட்சி நடந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பௌத்த அறிஞர் லூயிஸ் லங்காஸ்டரின் பல ஆண்டு ஆய்வு அதற்கு அடிப்படை. பௌத்தம் ஒட்டகத்தின் முதுகில் பட்டுப்பாதை வழியாகச் சீனம் போனது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதே அளவு கப்பலிலும் போயிருக்கிறது என்று அவர் காட்டினார். இந்தியக் கரையிலிருந்து இலங்கை, தென்கிழக்காசியா வழியாகச் சீனம், கொரியா வரை பழைய தளங்களுக்கு நேரில் போய்ப் படமெடுத்து, அந்தப் பாதையைத் திரையில் விரித்தார்கள்.

அந்தப் பாதையில் நம் கரை நடுவில் இருக்கிறது. பாஹியான் என்று பாடப்புத்தகத்தில் படித்த துறவி, 399இல் நடந்து புறப்பட்டவர், இலங்கையிலிருந்து கப்பலில் திரும்பினார். வழியில் புயல். கப்பலில் ஓட்டை. வணிகர்கள் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிந்தபோது, அவர் தன் தண்ணீர்ச் செம்பை எறிந்தார். கட்டி வைத்திருந்த சுவடிகளையும் எறியச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் அவருக்குப் பயம். 412இல் எப்படியோ சீனக் கரை சேர்ந்தார். அதற்கு முந்நூறு ஆண்டு கழித்து, காஞ்சியோடு தொடர்புடைய பௌத்தத் துறவி வஜ்ரபோதி இலங்கை வழியாகக் கடலேறிச் சீனம் போய், அங்கேயே வாழ்ந்து மறைந்தார்.

நாகப்பட்டினத்தை மறக்க முடியுமா? ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மர் தொடங்கி, அவர் மகன் முடித்த சூளாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். சிவபக்தனான சோழன், கடல் கடந்த அரசன் கட்டிய புத்தர் கோவிலுக்கு ஊர் கொடுக்கிறான். செப்பேட்டில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என்று அழைக்கப்பட்ட ஒரு செங்கல் கோபுரம், 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் போய்ப் பார்த்தபோது மூன்று நிலைகளோடு நின்றுகொண்டிருந்தது. மாலுமிகளுக்கு அதுதான் கரை அடையாளம். 1867இல் இடித்துவிட்டார்கள். எலியட்டின் குறிப்பும் படமும்தான் மிச்சம். குகை 220ஐ ஓர் அறைக்குள் எழுப்ப முடிகிறதென்றால், நாகப்பட்டினக் கடற்கரையில் அந்தக் கோபுரத்தை ஒளியால் எழுப்ப ஒரு தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஏன் முன்வரக் கூடாது? இந்த ஆசை எனக்கு ஒவ்வொரு தடவை அந்த 18ஆம் மாடியிலிருந்து இறங்கும்போதும் வருகிறது.

டிஜிட்டல் மட்டும்தானா, அசல் பொருட்களும் வைப்பார்களா?

வைப்பார்கள். 2019இல் லியொனார்தோ டா வின்சி மறைந்து 500 ஆண்டு நிறைந்தபோது, மிலானின் அம்ப்ரோசியானா நூலகத்திலிருந்து அவர் கைப்பட வரைந்த தாள்கள் சில இங்கே வந்தன. பழைய தாளுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் அந்த மாதிரி இடங்களில் விளக்கு மங்கலாக வைத்திருப்பார்கள். வெயிலிலிருந்து வந்த கையோடு உள்ளே நுழைந்தால் ஒன்றும் தெரியாது. கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள்.

குங்ஃபூ ஏதோ வைத்திருப்பதாகச் சொன்னார்களே?

ஹாங்காங்கின் தற்காப்புக் கலை ஆசான்கள் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் இருக்கும் வித்தை அவர்களோடு போய்விடக் கூடாது என்று, இதே பல்கலைக்கழகமும் சர்வதேச குவோஷு சங்கமும் சேர்ந்து 2012இல் தொடங்கி அவர்கள் அசைவுகளை உடம்பெங்கும் அடையாளப் புள்ளி ஒட்டிக் கணினியில் பதிந்தார்கள். அந்தப் பதிவுகளைக் கொண்டு கண்காட்சிகளும் நடந்தன. கண்காட்சி இருக்கும் சமயத்தில் நீங்கள் போக நேர்ந்தால் விட்டுவிடாதீர்கள். நம் சிலம்ப வாத்தியார்களை நினைத்துக்கொள்வீர்கள்.

தலை சுற்றுமா? பவர் கண்ணாடி போட்டிருக்கிறேன்.

சிலருக்குச் சுற்றும். கண் நகர்வதாகச் சொல்கிறது, கால் நிற்பதாகச் சொல்கிறது. அந்தச் சண்டைதான் தலைசுற்றல். சுற்றினால் தரையைப் பாருங்கள். தரை அசையாது. வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போக வேண்டாம். வலிப்பு நோய் இருப்பவர்கள், மின்னும் ஒளி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முப்பரிமாணக் கண்ணாடியைப் பவர் கண்ணாடி மேலேயே போட்டுக்கொள்ளலாம். தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் படம் இரண்டாகத் தெரியலாம். நிமிர்ந்து நிற்பதே நல்லது.

குழந்தைகள், வயதானவர்கள்?

தாராளமாக. லிஃப்ட் இருக்கிறது. மிகச் சின்னக் குழந்தை இருட்டறையில் அழும். அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்களைத் தொட விடுங்கள், திருப்ப விடுங்கள். தொடக்கூடிய கருவிகளைத் தொடுவதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது மட்டும் வேறு கதை.

போட்டோ எடுக்கலாமா?

கண்காட்சிக்குக் கண்காட்சி விதி மாறும். வாசல் பலகையைப் பாருங்கள். ஃப்ளாஷ் எங்கும் கூடாது. அனுமதி இருந்தாலும் வட்ட அறையில் போனை எடுக்காமல் இருந்தால் நல்லது. ஒரு போன் திரையின் வெளிச்சம் போதும், அறையில் உள்ள எல்லோருக்கும் இருட்டு கலைந்துவிடும். எடுத்தாலும் படம் இரட்டையாக, மங்கலாகத்தான் வரும்.

தமிழில் விளக்கம் கிடைக்குமா?

கிடைக்காது. சீனமும் ஆங்கிலமும்தான். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களோடு போனால், முந்தின நாள் இரவு அந்தக் கண்காட்சியின் கதையை அவர்களுக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள். என் அம்மாவிடம் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்த கதையை மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்தின் முன்னாலும் "இவர் நம்ம ஊருக்கு வந்தவரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த ஒரு கேள்வியே போதுமான வழிகாட்டியாக இருந்தது.

பணியில் இருக்கும் மாணவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். பெரிய அருங்காட்சியகங்களில் காவலாளி மட்டும்தான் நிற்பார். இங்கே நிற்கும் பிள்ளை அந்தத் துறையிலேயே படிப்பவராக இருக்க வாய்ப்பு உண்டு. கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ஒன்றரை மணி நேரம். இடம் சிறியது, வேகமாகப் போனால் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். அப்படிப் போகாதீர்கள். ஒரே காட்சியை இரண்டு சுற்று பாருங்கள். முதல் சுற்றில் வியப்பு மட்டும்தான் இருக்கும், படம் தெரியாது. இரண்டாவது சுற்றில்தான் அந்த நடனப் பெண்ணின் துப்பட்டா கண்ணில் படும்.

வார நாளின் முற்பகல் நல்லது. சாப்பாட்டுக்கு ஃபெஸ்டிவல் வாக் மாலில் நிறையக் கடைகள் உண்டு. சுத்த சைவம் என்றால் சிம் ஷா சுய் பக்கத்து இந்திய உணவகங்களில் முடித்துக்கொண்டு வருவது வசதி.

ஹாங்காங் வர முடியாது. என்ன செய்யலாம்?

துன்ஹுவாங் ஆய்வகம் 2016இல் 30 குகைகளை மிக நுணுக்கமான படங்களாக இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்தது. போனில் பார்க்காதீர்கள், கணினியில் அறையை இருட்டாக்கிப் பாருங்கள். தோரணகல் கலாதாம், ஹம்பி போகிறவர்களுக்குப் பக்கம். கொழும்பில் இருப்பவர்கள் தேசிய அருங்காட்சியகத்தில் காலிக் கல்வெட்டைப் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பற்படை 1409ஆம் ஆண்டிட்டு நிறுத்திய அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம். வெண்கலக் கூடத்தில் நடராசரைப் பார்த்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அங்கே நாகப்பட்டினத்துப் புத்தர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சின்னச் சிலைகள். தலைக்கு மேல் தீச்சுடர் மாதிரி உச்சி எழும்பியிருக்கும். நாகப்பட்டினத்துப் புத்தரின் அடையாளங்களில் அந்தச் சுடரும் ஒன்று.